வயதான அப்பா கார் ஓட்டலாமா: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: "அப்பாவுக்கு 76 வயது. இன்சுலின் போட்டுக்கொள்கிறார், ஒரு கண்ணில் புரை இருக்கிறது. தினமும் கார் எடுக்கிறார். கொஞ்ச நாளாகக் காரின் இடப்பக்கத்தில் புதுப்புதுக் கீறல்கள். ஓட்டுவதை நிறுத்தச் சொல்லிவிடலாமா? எழுபதுக்கு மேல் உரிமமே கிடையாது என்று சட்டம் போட்டால் எல்லோருக்கும் நல்லதுதானே? தம்பி சாவியை ஒளித்துவைக்கச் சொல்கிறான்."

நான் முதியோர் மருத்துவத்தில் இருப்பவன். வண்டி ஓட்டத் தகுதிச் சான்று கேட்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் கேள்வியில் அப்பாவின் வயதைவிட எனக்கு உறுத்தியது, கீறல்கள் இடப்பக்கத்தில் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருக்கும் வண்டியில் இடது ஓரம் தூரத்தில் இருக்கும், யாருக்கும் அந்தப் பக்கம்தான் அதிகம் உரசும். அதனால் ஒரே ஒரு கீறலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் பல ஆண்டுகளாக ஒழுங்காக ஓட்டியவர் திடீரென்று ஒரே பக்கமாக உரச ஆரம்பித்தால், அந்தப் பக்கம் அவருக்குத் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் சட்டம்.

வயது வரம்பு வைத்தால் விபத்து குறையும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. பின்லாந்தில் 70 வயதானால் மருத்துவப் பரிசோதனை கட்டாயம், பக்கத்து நாடான ஸ்வீடனில் அப்படி ஒன்று இல்லை. 1990களில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வயதான ஓட்டுநர்களின் விபத்து விகிதத்தில் பின்லாந்துக்கு எந்த லாபமும் தெரியவில்லை. மாறாக, வண்டி மோதி இறந்த வயதான பாதசாரிகள் அங்கே அதிகம். டென்மார்க் 2006-இல் முதியவர்களுக்கு நினைவாற்றல் சோதனையைக் கொண்டுவந்தது. அங்கேயும் அதே கதை: காரில் போன முதியவர்களின் இறப்பில் மாற்றம் இல்லை, நடந்தும் சைக்கிளிலும் போனவர்களின் இறப்பு கூடியது. 2017-இல் வயதை வைத்துச் சோதிக்கும் அந்த முறையையே கைவிட்டார்கள்.

காரணம் புரியாதது ஒன்றும் இல்லை. உரிமம் போனவரும், "எதற்கு இந்தச் சோதனையெல்லாம்" என்று தானாகவே விட்டவரும் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. தெருவில் இறங்கி நடக்கிறார்கள். காரின் கூடும் பெல்ட்டும் தந்த பாதுகாப்பு அங்கே கிடையாது.

முதியவர்களின் விபத்துக் கணக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே மாதிரி மோதலில் 30 வயதுக்காரர் சிராய்ப்போடு எழுந்துபோவார், 80 வயதுக்காரருக்கு விலா எலும்பு உடையும். அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஒரு ஆய்வு, பயணம் செய்த தூரத்துக்கு ஏற்ப முதிய ஓட்டுநர்களின் மரண விகிதம் உயர்வதில் 60 முதல் 95 சதவீதம் வரை உடல் நொறுங்கும் தன்மையால்தான் என்று கணக்கிட்டது. அதாவது அவர்கள் அதிகம் மோதுகிறார்கள் என்பதைவிட, மோதினால் பிழைப்பது குறைவு என்பதுதான் பெரும்பகுதி. ஆண்டுக்கு மிகக் குறைந்த தூரமே ஓட்டுபவர்களுக்கு, எந்த வயதானாலும், கிலோமீட்டர் கணக்கில் விபத்து அதிகமாகத் தெரியும். அவர்கள் ஓட்டுவதெல்லாம் சந்திப்புகள் நிறைந்த ஊருக்குள்தான். முதியவர்களில் பலர் இந்தக் கூட்டம். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஆபத்து ஏறத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஏற்றம் எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. குறிப்பிட்ட சில கோளாறுகள் உள்ளவர்களிடம் குவிந்திருக்கிறது. அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தக் கோளாறுகளில் கணிசமானவை சரிசெய்யக்கூடியவை என்பதுதான் நல்ல செய்தி.

கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை அப்பா கடைசி வரி வரை படித்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். அந்தப் பலகை சோதிப்பது நடுப்பார்வையை மட்டும். சாலையில் உயிரைக் காப்பது பெரும்பாலும் ஓரப்பார்வை: இடமிருந்து ஓடிவரும் குழந்தை, சந்திலிருந்து நுழையும் பைக். கண் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய் பார்வையை ஓரத்திலிருந்துதான் தின்ன ஆரம்பிக்கும். சர்க்கரையால் விழித்திரை பாதித்து லேசர் சிகிச்சை நிறையப் பெற்றவர்களுக்கும் ஓரப்பார்வை குறையலாம். மூளையின் வலப்பக்கம் சிறியதாக ஒரு பக்கவாதம் வந்துபோனால், கை கால் எல்லாம் சரியாக இருந்தும் இடப்பக்கப் பார்வை மட்டும் போயிருக்கலாம்.

இதைச் சோதிக்க இயந்திரம் வருவதற்கு முன்பே ஒரு எளிய வழி இருந்தது, இப்போதும் நான் அதைத்தான் முதலில் செய்வேன். சோதிக்க வேண்டியவருக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு என் மூக்கையே பார்க்க வேண்டும். நான் கையை விரித்து, ஒரு விரலை ஆட்டியபடி வெளியிலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவருவேன். அவருடைய வலப்பக்கம் விரல் வரும்போது, என் கை பாதி மடங்குவதற்குள் "ம், தெரியுது" என்பார். இடப்பக்கப் பார்வை போனவரானால், அந்தப் பக்கம் வரும்போது விரல் என் தோளைத் தாண்டும், காதுக்கு நேரே வரும், கன்னத்துக்கு அருகே வந்துவிடும், அவர் பேசாமல் இருப்பார். "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பக்கம் அவருக்குக் கறுப்பாகத் தெரிவதில்லை, மூளை சுற்றிலும் உள்ளதை வைத்து ஓட்டையை அடைத்துவிடும். எனவே குறை இருப்பதே அவருக்குத் தெரியாது. "எனக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று உங்கள் அப்பா சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பிரிட்டனில் கார் உரிமத்துக்குப் பக்கவாட்டில் மொத்தம் 120 டிகிரி பார்வை இருக்க வேண்டும் என்பது விதி. கண் மருத்துவமனையில் பார்வைப் புலப் பரிசோதனை என்று கேட்டால் செய்துவிடுவார்கள். பல்பு மின்னும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும், கொஞ்சம் சலிப்பான வேலை, அவ்வளவுதான்.

புரை வேறு ரகம். அதில் ஓரம் போகாது, எல்லாமே மங்கும். பகலில் சமாளித்துவிடுவார், எதிர்வண்டியின் முகப்பு விளக்கு அடிக்கும்போதுதான் கண் கூசி ஒன்றும் தெரியாது. பொதுவாகவே 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம் 20 வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடும், லென்ஸ் மஞ்சளாகிவிடும். அதன் மேல் புரையும் சேர்ந்தால் இரவு ஓட்டம் சூதாட்டம். ஆனால் இதைத்தான் எளிதில் சரிசெய்ய முடியும். 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், புரை அறுவை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாமல் தள்ளிப்போட்டவர்களுடையதில் பாதிதான் இருந்தது. உரிமத்தைப் பறிக்கும் எந்தச் சட்டமும் சாதிக்காததை அரை மணி நேர அறுவை சாதிக்கிறது. அப்பாவின் அந்தப் புரையை இன்னும் எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் உங்களுக்கு என் முதல் கேள்வி.

அடுத்து சர்க்கரை. சர்க்கரை நோய் இருப்பதால் மட்டும் யாரும் வண்டியைவிட்டு இறங்க வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது சர்க்கரை திடீரென்று இறங்கிவிடுவதற்கு. இன்சுலினும், மாத்திரைகளில் கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் வகையும் இதைச் செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. சர்க்கரை இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும். ஆனால் பல ஆண்டுகள் இன்சுலின் போட்டவருக்கு இந்த எச்சரிக்கைகள் மெல்ல மழுங்கிவிடும், அதோடு பீட்டா பிளாக்கர் வகை பி.பி. மாத்திரையும் சாப்பிட்டால் படபடப்பே தெரியாது. நேராகக் குழப்பத்துக்குப் போய்விடுவார். அவரிடம் கேளுங்கள்: "சர்க்கரை குறைந்தால் உங்களுக்கே தெரிகிறதா, இல்லை அம்மா சொல்லித்தான் தெரிகிறதா?" இரண்டாவது பதில் வந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்குச் சொல்லும் நடைமுறை எளிமையானது, எங்கேயும் பின்பற்றலாம். வண்டி எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும், நீண்ட பயணமானால் இரண்டு மணிக்கு ஒருமுறை. 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். 70-ஐ ஒட்டிவிட்டால் ஓட்டவே கூடாது. ஓட்டும்போது இறங்கிவிட்டால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, இருக்கையைவிட்டு நகர்ந்து, இனிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். அளவு சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். எண் ஏறிவிட்டாலும் மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும். இந்த 45 நிமிடத்தைத்தான் யாரும் பொறுப்பதில்லை.

காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்ட நாள் சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவருக்கு, கால் பிரேக்கின் மேல் இருக்கிறதா ஆக்சிலரேட்டரின் மேல் இருக்கிறதா என்பது தொட்டுத் தெரியாது. பார்க்கிங்கில் சுவரை உடைத்துக்கொண்டு போகும் விபத்துகளில் சிலவற்றுக்கு இதுவும் காரணம். கால் கட்டைவிரலின் அடியில் மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை ஒரு நிமிட வேலை.

இப்போது மூளை. இங்கேதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன, ஏனென்றால் "அப்பாவுக்கு ஞாபக சக்தி அபாரம், 1970-இல் நடந்ததைக்கூடச் சொல்வார்" என்பார்கள். ஓட்டுவதற்கு 1970 தேவையில்லை. போக்குவரத்து இடப்பக்கம் போகும் நாட்டில், சந்திப்பில் வலப்பக்கம் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். எதிரே வரும் லாரியின் வேகத்தைக் கணிக்க வேண்டும், அதன் பின்னால் மறைந்து வரும் பைக்கை எதிர்பார்க்க வேண்டும், நுழையப்போகும் தெருவின் முனையில் யாராவது கடக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், பின்னாலிருந்து ஹார்ன் அடிப்பவனைப் பொருட்படுத்தாமல் இருக்க வேண்டும். இத்தனையும் இரண்டு மூன்று விநாடிக்குள். முதியவர்களின் விபத்துகள் அதிவேகத்திலோ குடிபோதையிலோ நடப்பது குறைவு, எதிர்வண்டியைக் குறுக்கே கடந்து திரும்பும் இந்த இடத்தில்தான் குவிகின்றன. கவனத்தைப் பங்குபோடும் திறன் குறைந்ததன் அடையாளம் அது. முடிவெடுக்க அரை விநாடி கூடுதலாக ஆனாலே, 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி இன்னும் 8 மீட்டர் போயிருக்கும்.

இதை அளக்க நாங்கள் பயன்படுத்தும் ஒரு தாள் இருக்கிறது. அதில் எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடக்கும். 1-லிருந்து அ, அ-விலிருந்து 2, பிறகு ஆ, பிறகு 3 என்று மாற்றி மாற்றிக் கோடு இழுக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனாலோ, எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு எழுத்தை மறந்துவிட்டாலோ சாலையில் வைத்துச் சோதிக்க வேண்டியவர் என்று அர்த்தம். தோற்றால் ஓட்டக்கூடாது என்று அர்த்தமில்லை. அதிகம் எழுதப் படிக்காதவர்கள் இதில் தடுமாறுவார்கள், ஆனால் வண்டியை அருமையாக ஓட்டுவார்கள். மறதி நோயின் மிக ஆரம்ப நிலையில் உள்ளவர்களிலும் ஒரு பகுதியினர் சாலைத் தேர்வில் தேறிவிடுகிறார்கள். அவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதிக்க வேண்டும். நடுத்தர நிலைக்குப் போய்விட்டால் பேச்சே இல்லை, நிறுத்த வேண்டியதுதான்.

மருந்துப் பெட்டியையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரசோலம் வகை, சளிக்குக் கடையில் தானாக வாங்கும் குளோர்பெனிரமின், வலிக்கான டிரமடால், எல்லாமே மந்தப்படுத்தும், சில மறுநாள் காலையிலும். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை காலை ஓட்டத்தைப் பாதிக்கிறது என்பதால் 2013-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய்க்கான பிரமிபெக்சால், ரோபினிரோல் சாப்பிடுபவர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் தூங்கிவிடக்கூடும். பல நேரங்களில் "அப்பாவுக்கு வயதாகிவிட்டது" என்று வருகிற பிரச்சினை, யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்து நிறுத்த மறந்த ஒரு மாத்திரையாக இருக்கும்.

மற்றவை வேகமாக. மயக்கம் போட்டு விழுந்தால், காரணம் தெரியும்வரை ஓட்டக்கூடாது. வலிப்பு வந்தவருக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும், பிரிட்டனில் சாதாரண காருக்குப் பொதுவாக ஓராண்டு வலிப்பில்லாமல் இருக்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு அங்கே குறைந்தது ஒரு மாதம். பலத்த குறட்டை விட்டு, பகலில் சிக்னலில் நிற்கும்போது கண் சொருகுபவருக்குத் தூக்க மூச்சுத்திணறல் இருக்கலாம், தூங்கும்போது காற்றை அழுத்தித் தரும் முகமூடிக் கருவி வைத்துக்கொண்டால் அது நன்றாகக் கட்டுப்படும். கழுத்து திரும்பாதவர்களுக்குப் பெரிய பக்கக் கண்ணாடியும் பின்பக்கக் கேமராவும் பாதி வேலையைச் செய்துவிடும்.

தகுதிச் சான்று வாங்கியாகிவிட்டதே என்று நினைப்பீர்கள். இந்தியாவில் 40 வயதுக்கு மேல் மருத்துவச் சான்றுப் படிவம் கேட்கிறார்கள், 55-ஐத் தாண்டினால் உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிரிட்டனில் 70-லிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை, ஆனால் உடல்நிலையை அவரேதான் எழுதிக்கொடுக்கிறார். ஜப்பான் 75-க்கு மேல் அறிவாற்றல் சோதனை வைக்கிறது, 2022 முதல், அந்த வயதினரில் குறிப்பிட்ட விதிமீறல் செய்தவர்களுக்கு ஓட்டும் திறன் தேர்வும் உண்டு. என் கருத்தில் ஜப்பானின் அந்தக் கடைசி ஏற்பாடுதான் புத்திசாலித்தனமானது. எல்லோரையும் வடிகட்டாமல், சாலையில் அறிகுறி காட்டியவரைப் பிடித்துச் சோதிக்கிறார்கள். ஆளைத் தொடாமலே கையெழுத்துப் போட்டுத் தரும் சான்று, எந்த நாடானாலும், காகிதம்தான். முறையான சோதனையில் பார்வைப் புலம், கழுத்து, கால் உணர்வு, மருந்துகள், கவனம் இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால், பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்து அப்பா வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டவிட்டுப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு.

மருத்துவர் வாய்திறந்து சொல்வதற்கு மதிப்பு இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில், ஓட்டத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் முறைப்படி எச்சரித்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், ஓட்டுநராகப் பெருங்காயம் பட்டு வருவது சுமார் 45 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆய்வில் மனச்சோர்வுக்காக அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் கூடியிருந்தார்கள், எச்சரித்த மருத்துவரிடம் திரும்ப வருவதும் குறைந்திருந்தது. ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வர வாய்ப்புள்ளது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும் தெரிகிறது. எனவே நிறுத்தச் சொல்வதற்கு முன் வேறு வழியை ஏற்பாடு செய்துவிட்டுச் சொல்லுங்கள். அவர் வாரத்தில் எங்கெல்லாம் போகிறார் என்று பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார், எதில் கூட்டிப்போவது என்று முடிவாகட்டும். "எங்கே போகணுமோ சொல்லுங்க, கூட்டிட்டுப் போறோம்" என்று பொதுவாகச் சொன்னால் இரண்டாவது வாரமே அவர் கேட்பதை நிறுத்திவிடுவார். கேட்டு நிற்பது அவருக்குக் கூச்சம்.

முழுதாக நிறுத்துவதற்கு முன் நடுவில் படிகள் இருக்கின்றன: இரவு வேண்டாம், மழையில் வேண்டாம், நெரிசல் நேரம் வேண்டாம், தெரிந்த சாலை மட்டும், வலது திருப்பம் கடினமான சந்திப்புகளைச் சுற்றிப்போவது. பல முதியவர்கள் யாரும் சொல்லாமலேயே இதையெல்லாம் செய்கிறார்கள்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரமே கண் மருத்துவரிடம் போய்ப் பார்வைப் புலமும் விழித்திரையும் பார்க்கச் சொல்லுங்கள், புரை அறுவைக்கு நாள் குறியுங்கள். ஒரு மாதத்துச் சர்க்கரை அளவுகளையும் மருந்துப் பெட்டியையும் அவருடைய மருத்துவரிடம் கொண்டுபோங்கள், கீறல்களைப் படம் எடுத்துக் காட்டுங்கள். புலத்தில் இடப்பக்கம் குறை தெரிந்தால் கண்ணோடு நிற்காமல் மூளை ஸ்கேனும் தேவைப்படலாம். புலம் சரியாக இருந்து, புரையும் நீங்கி, சர்க்கரை இறங்காமல் இருந்தால் 76 வயதில் அவர் ஓட்டுவதற்கு எனக்கு ஆட்சேபம் கிடையாது.

சாவி விஷயம். அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரை ஒளிக்காதீர்கள். மாற்றுச் சாவி செய்யத் தெரியாதவரா அவர்? வண்டியும் எடுப்பார், சர்க்கரை இறங்கியதையும் உங்களிடம் மறைப்பார். மறதி நோய் வளர்ந்து, ஓட்டக்கூடாது என்று சொன்னதே நினைவில் நிற்காத நிலையில் மட்டும் சாவியை, முடிந்தால் காரையே, கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுவது சரி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டு நிலைமை அதுவல்ல. பரிசோதனை முடிவு வரும்வரை நீங்களோ தம்பியோ ஓட்டுங்கள், அதை அப்பாவிடமே நேராகக் கேளுங்கள்: "கண் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நாங்க ஓட்டுறோம்ப்பா, நீங்க பக்கத்துல உட்காருங்க."